அது வேறை

கோயில் அன்னதானப் பந்தியில் பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்: “வள்ளத்திலை வந்ததுகளாலைதான் எங்கடை பேரும் கெட்டது. சண்டை முடிஞ்சுதுதானே, திரும்பிப் போகட்டுமன்.”

அவர் எப்படி நிரந்தரமானார் என்பது எனக்குத் தெரியும். 1993 நவம்பர் 1ஆம் திகதி கீற்றிங் அரசு சீனருக்கு மட்டுமல்ல, இங்கே தற்காலிகமாக நின்ற இலங்கையர் பலருக்கும் வதிவிட வழி திறந்தது. வயது பார்த்தார்கள், ஆங்கிலம் பார்த்தார்கள். அகதிதானா என்று ஆளாளாய்க் குடையவில்லை.

2012 ஓகஸ்டுக்குப் பிறகு கடலால் வந்தவர்களுக்கு, 2014 இறுதியில் இயற்றிய சட்டத்தின்படி, ‘விரைவு வழி’ விசாரணை. மீளாய்வில் பெரும்பாலும் கடதாசிதான் பேசியது. ஆள் பேச முடியவில்லை. வென்றாலும் மூன்று அல்லது ஐந்து வருட விசாதான். 2023 பெப்ரவரியில் அல்பனீசி அரசு அந்த விசாக்காரர் சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வழி விட்டது. நல்லது. தோற்கடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை வெளியே விட்டது. தராசு பழுதென்று தொழிற்கட்சியே சொன்னது. அது காட்டிய நிறையை மட்டும் ஏன் வைத்திருக்கிறது?

இங்கேயே பள்ளி முடித்த அவர்களின் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம். 2024இல் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்தின் முன்னும், சிட்னி பஞ்ச்போலில் அமைச்சர் ரொனி பேர்க்கின் அலுவலகத்தின் முன்னும் இரவுபகலாகக் குந்தியிருந்தவர்கள் கேட்டது, எங்களுக்கு 1993இல் கேளாமலே கிடைத்ததைத்தான்.

பந்தியில் அந்த வருடத்தை ஞாபகப்படுத்தினேன்.

“அது வேறை, தம்பி.”

என்ன வேறை என்று கேட்டேன். பாயாசம் வந்தது.