சீக்கிரம் வளர்வதுதான் நல்ல மரமா?

விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் வரை நெடுஞ்சாலையோரம் வயலும் கொல்லையும் மனைகளாகி வருகின்றன. 1,200 சதுர அடியில் வீடு போக மிஞ்சுவது வாசலில் ஒரு பத்தடி மண். அதில் மரம் வைக்க ஆசைப்பட்டு நர்சரிக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எதுங்க சீக்கிரம் வளரும்?" அந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கோனோகார்பஸ் நம் தெருக்களுக்குள் வந்தது அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். கவனிக்கவே வேண்டாம், ரெண்டே வருஷத்தில் பச்சை மதில் என்றார்கள். வேர் ஈரம் தேடிக் குழாய்களுக்குள் போனது. மகரந்தத்தால் மூச்சுத்தொல்லை என்ற புகார் எழுந்தது. குஜராத் 2023-இல் அதை நடத் தடை விதித்தது, தமிழக அரசு 2025-இல். தடை ஒரு மரத்துக்குத்தான். கேள்வி மாறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும்.

தூங்குமூஞ்சியும் சீக்கிரம்தான் வளரும். அறுபது, எழுபது அடிக்குக் குடை விரிக்கிற மரத்தைப் பத்தடியில் நட்டுவிட்டு, மின்கம்பியில் படுகிறது என்று வருஷா வருஷம் மொட்டையடிக்கிறோம். வெட்டிய இடத்தில் கிளம்பும் போத்துகளுக்கு அடிமரத்தில் ஆழமான பிடிப்பு கிடையாது. காற்றில் முதலில் பிய்வது அவைதான். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல் தேடிவரும் பகுதி இது. ஃபெஞ்சலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அப்படி ஊறிப்போன மண்ணில் மரத்தைத் தாங்க வேண்டியது வேர்.

அந்த வேரையும் நாமே கெடுத்துத்தான் வாங்கி வருகிறோம். உயரமாக இருக்கிறதே என்று எட்டடிக் கன்றுக்குக் காசு கொடுக்கிறோம். சின்னப் பைக்குள் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றிச் சுருண்ட வேர், குழியில் வைத்தாலும் எளிதில் நிமிர்வதில்லை. முழங்கால் உயரக் கன்று சில வருஷங்களில் அந்த எட்டடிக் கன்றைப் பிடித்துவிடும், ஆழமாகவும் ஊன்றும்.

அப்படியானால் எந்த மரத்தை வைப்பது? கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நிறைந்திருப்பது காயா. காசா என்றும் சொல்வார்கள். பளபளக்கும் இலை, கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாய் நீலப் பூ, அதில் மொய்க்கும் தேனீ. திருமாலுக்குக் காயாம்பூ வண்ணன் என்று பெயர் கொடுத்த பூ அது! இந்த மண்ணிலேயே பிறந்தது, சின்ன மரம், மெதுவாகத்தான் வளரும். அந்த மெதுவுக்காகவே அதை ஒதுக்குகிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. காயா கிடைக்காதவர்களுக்குப் பவழமல்லி இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, மாதுளை இருக்கிறது.

"மரம் வளர்ற வரைக்கும் வெயிலுக்கு என்ன பண்றது?" நியாயமான கேள்வி. கன்றுக்கு நாலடி தள்ளிக் கழி ஊன்றிப் பந்தல் கட்டி, ஆடியில் அவரை போடுங்கள். கார்த்திகைக்குள் கொடி பந்தலை மூடிவிடும். தையில் காய் பறிக்கலாம்.