பளபளப்பின் கீழே மறைக்கப்படும் பலவீனம்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுள் நானும் ஒருவன். கிடைக்காததைக் கையால் செய்வித்தோம். என் பழைய காரின் கதவில் ஒலிபெருக்கிக் கூடுகள் அவ்வாறு பொருத்தப்பட்டவையே. முதல்நாள் கண்ணாடிபோல் மின்னின. ஒரு மாரி கழிவதற்குள் கதவுப் பலகையோடு கூடு சேருமிடத்தில் வெடிப்பு ஓடியது. உடைத்துப் பார்த்தால் உள்ளே விரற்கடை கனத்தில் சாதாரண நிரப்புப் பசை. ஓர் இழை நார்கூட இல்லை.

"எல்லாப் பசையும் ஒன்றுதான் ஐயா" என்றார் கராஜ்காரர். இந்தப் பொய்யைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன்.

நம்மவர் 'கட்டலோய்' என்றழைக்கும் சாதாரண பசை, பொலியெஸ்ரர் பிசினில் முகப்பவுடர்க் கல்லின் தூளைக் கலந்தது. தேய்ப்பதற்கு இலகு; மேடுபள்ளத்தை மூன்று மில்லிமீற்றர் அளவில் சமன்செய்யச் சிறந்தது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், அதிர்வில் வெடிக்கும். கண்ணாடி நார் கலந்த பசையோ இழைகளால் பிணைக்கப்பட்டது, நீரை எதிர்க்கும், பாரமும் இழுவிசையும் விழும் மூட்டுகளைத் தாங்கும். வேகும் வெயிலில் நின்று, குழிவிழுந்த வீதியில் குலுங்கும் காரில் இவ்வேறுபாடு சிறியதா?

நார்ப் பசை விலை கூடியது, தேய்ப்பது கடினம் என்பார்கள். உண்மையே. ஆனால் அதை எங்கும் அப்பும்படி யார் சொன்னார்கள்? கூட்டின் உடலுக்குக் கண்ணாடி நார் விரிப்பும் பிசினும். மூட்டுகளுக்கு நார்ப் பசை. அதன்மேல் மெல்லிய சாதாரண பசை. மூன்றுக்கும் மூன்று வேலை. நார்ப் பசைகூட விரிப்புக்கு மாற்றாகாது.

அவசரக்காரர் செய்யும் வேறு பிழைகளும் உண்டு. விரைவில் இறுகட்டும் என்று கடினமாக்கியை அள்ளிப் போடுகிறார்கள். நூறு பங்குக்கு இரண்டு பங்கு என்பதே வழக்கமான அளவு. மிஞ்சினால் பசை நொறுங்கும், மேற்பரப்பில் ஊசித்துளைகள் விழும். பிசினுக்குரிய கடினமாக்கி வேறு, பசைக்குரியது வேறு என்பதையும் மறக்கிறார்கள். கார் உட்பாகங்கள் பலவும் பொலிபுரொப்பிலீனால் ஆனவை. தனியான அடித்தளப் பூச்சின்றி அதில் எந்தப் பொலியெஸ்ரர் பசையும் நிலைத்து ஒட்டாது. பாகத்தின் பின்புறத்தில் பொறித்துள்ள குறியீட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எல்லாவற்றிலும் கொடியது, காற்றுப்பையின் மூடிமேல் பசை பூசி அழகுபார்ப்பது. விபத்தில் அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். இறுகிய பசை அதைத் தடுக்கும், அல்லது துண்டுதுண்டாய் முகத்தில் பாயும். அங்கே எந்தப் பசையும் கூடாது.

வேலை செய்பவனையும் நினையுங்கள். பசையிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவியை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை விளைவிக்கக்கூடியதென 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. தேய்க்கையில் நார்த்தூளும் பறக்கிறது. முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பையனுக்குத் தகுந்த முகமூடி வாங்கிக் கொடுக்காத முதலாளியை எப்படி மன்னிப்பது?

குற்றம் கராஜ்களுடையது மாத்திரமல்ல. கூலியில் பேரம் பேசி, "நாளைக்கே வேண்டும்" என்று நெருக்கி, மினுக்கத்தை மட்டும் தடவிப் பார்த்துக் காசு கொடுப்பவர்கள் நாங்கள். வர்ணம் பூசுமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். "மூட்டில் என்ன வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை. அதனால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுத்தேன்.