டபுள் டவுனைத் திட்டியாச்சு. சரி, உப்பை யார் திட்டுறது?

அமெரிக்கா கேஎஃப்சி-யின் 'டபுள் டவுன்' படம் மறுபடி சுத்திக்கிட்டு இருக்கு.

பன் கிடையாது. பன் இருக்க வேண்டிய இடத்துல மேல ஒரு பொரிச்ச சிக்கன், கீழ ஒரு பொரிச்ச சிக்கன். நடுவுல பேக்கன், ரெண்டு வகை சீஸ், சாஸ்.

இன்னிக்கு மட்டும் ஒன்பது பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. "டாக்டர், இதைத் தின்னா நேரா ஐசியூ தானே?"

என் பதில் உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம். ஆனாலும் முழுசாப் படிங்க.

1. முதல்ல கதை. 2010 ஏப்ரல் 1 அன்று இதை அறிவிச்சாங்க. பல பேர் ஏப்ரல் ஃபூல்னே நினைச்சாங்க. ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க நிஜமாவே விற்பனைக்கு வந்தது. பத்திரிகை, டிவி, இணையம் எல்லா இடத்துலயும் ஒரே கூச்சல். "நாகரிகத்தின் முடிவு" என்ற அளவுக்குப் பேசினாங்க.

விளைவு? சில வாரங்கள்லயே விற்பனை 1 கோடியைத் தொடப்போகுதுன்னு நிறுவனமே பெருமையா அறிவிச்சு, விற்பனைக் காலத்தையும் நீட்டிச்சது. திட்டின ஒவ்வொருத்தரும் காசு வாங்காம விளம்பரம் பண்ணிக் கொடுத்தாங்க. 2023 மார்ச்சில் நாலு வாரத்துக்குத் திரும்பக் கொண்டு வந்தப்பவும் அதே கதைதான்.

2. இப்ப கணக்குக்கு வருவோம். 2010-ல் நிறுவனம் வெளியிட்ட விவரப்படி ஒரு டபுள் டவுனில் 540 கலோரி, 32 கிராம் கொழுப்பு, 53 கிராம் புரதம்.

அதே காலத்துல அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் பிக் மேக் எவ்வளவு? அதுவும் 540 கலோரி.

ஒண்ணைப் பார்த்து உலகமே வாயைப் பொத்திக்கிச்சு. இன்னொண்ணைப் பல வருஷமா குழந்தைக்குப் பிறந்தநாள் விருந்தா வாங்கிக் கொடுத்துட்டு இருந்தாங்க. அப்போ நம்ம கோபம் சத்து மேலயா, தோற்றத்து மேலயா?

3. இன்னொரு கூட்டம் கிளம்புச்சு. "பன் இல்லை, மாவுச்சத்து வெறும் 11 கிராம், இது டயட் உணவு!"

அவங்க சொன்ன 11 கிராம் சரிதான். ஆனா அவங்க படிக்காம விட்ட வரி ஒண்ணு இருக்கு. சோடியம் 1,380 மில்லிகிராம். உப்புக் கணக்கில் சுமார் மூன்றரை கிராம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்வது ஒரு நாள் முழுக்க 5 கிராம் உப்புக்குள். இந்த ஒரே அயிட்டத்தில் நாளின் கணக்கில் ஏறக்குறைய 70 சதவீதம் காலி. உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் இன்னும் தட்டுக்கே வரலை.

4. இதைவிட முக்கியமான விஷயம். "ஆரோக்கியம் பார்க்கிறவங்களுக்கு" என்று பொரிக்காத கிரில்டு வகையும் வந்தது. 460 கலோரி, கொழுப்பும் குறைவு.

சோடியம்? 1,430. பொரிச்சதைவிட அதிகம்!

எண்ணெயைப் பார்த்துப் பயந்து கிரில்டு வாங்கின பிரஷர் நோயாளி, கூடுதல் உப்பைச் சாப்பிட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பார். நம்ம பயம் தப்பான இடத்துல இருந்தா என்ன ஆகும் என்பதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

5. அதே ஏப்ரல் மாசம் இன்னொண்ணும் நடந்தது. டபுள் டவுன் வந்து சில நாள்லயே அமெரிக்க மருத்துவக் கழகமான 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' ஓர் அறிக்கை வெளியிட்டது. பதப்படுத்திய உணவிலும் உணவகங்களிலும் உப்புக்கு அரசே கட்டாய வரம்பு வைக்கணும் என்பது அதன் பரிந்துரை.

ஏன்னா அமெரிக்கர் சாப்பிடும் சோடியத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பதப்படுத்திய உணவிலும் உணவகத்திலும் ஏற்கெனவே கலந்தே வருது. வீட்டு உப்பு டப்பாவில் இருந்து வரல.

அந்த அறிக்கைக்காக யாரும் கூச்சல் போடல. 2021 அக்டோபரில்தான் எஃப்டிஏ இலக்கு அறிவிச்சது. அதுவும் கட்டாயம் இல்லை, நிறுவனங்கள் விரும்பினா பின்பற்றலாம். 11 வருஷம் காத்திருந்து கிடைச்சது இதுதான்.

6. நியூயார்க் நகரம் 2015 டிசம்பரில் ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. சங்கிலி உணவகங்களில் 2,300 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ சோடியம் உள்ள அயிட்டத்துக்குப் பக்கத்துல உப்பு டப்பா படம் போட்டு எச்சரிக்கணும் என்று விதி.

யோசிங்க. உலகமே பயந்த டபுள் டவுனுக்கு அந்த எச்சரிக்கைப் படம் வராது! அதைத் தாண்டுற அயிட்டங்கள் பல, பார்க்க சாதாரணமா மெனுவில் உட்கார்ந்திருக்கு.

7. "அவனவன் காசு, அவனவன் வாய், உங்களுக்கென்ன டாக்டர்?"

சரி. ஆனா தெரிஞ்சு தேர்ந்தெடுத்தாதான் அது உரிமை. சீஸ் வழியுறது கண்ணுக்குத் தெரியும். சிக்கனுக்குள்ள ஊறிப்போன உப்பு தெரியுமா? நம்ம நாட்டிலும் பத்தோ அதுக்கு மேலயோ கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி போடணும் என்று 2022 முதல் விதி இருக்கு. அதுக்குப் பக்கத்துல உப்பு எங்கே? என் சண்டை அந்தக் காலி இடத்தோடதான். சாப்பிடுறவரோட இல்லை.

8. தயவுசெய்து அந்தப் படத்துக்குக் கீழ குண்டானவங்களைக் கேலி பண்ணி எழுதாதீங்க. கேலியால யாருக்கும் பிரஷர் இறங்கினதா நான் பார்த்ததில்லை. வெட்கப்பட்டு மருத்துவரிடம் வராமல் நின்னவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

9. போன மாசம் ஒரு அண்ணன் வந்தார். 52 வயசு, ஒல்லியான உடம்பு, பிரஷர் 170/110. "டாக்டர், நான் பர்கரைத் தொட்டதே இல்லையே!"

உண்மைதான். காலையில ஊறுகாய், மதியம் அப்பளமும் கருவாடும், சாயங்காலம் மிக்சர், ராத்திரி பரோட்டா சால்னா. இருபது வருஷமா.

டபுள் டவுன் படம் அவருக்கும் வந்திருக்கு. பார்த்துச் சிரிச்சிருக்கார். "நாம அப்படி இல்லை" என்று நிம்மதியா இருந்திருக்கார். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம்.

10. எனவே, ஒரு வேளை டபுள் டவுன் சாப்பிட்டு ஆரோக்கியமான ஒருத்தர் ஐசியூ போக மாட்டார். இதயம் பலவீனமானவங்க, கிட்னி பாதிப்பு உள்ளவங்க கணக்கு வேற. அவங்களுக்கு அந்த ஒரு வேளை உப்பே ஆபத்து.

மத்தவங்களைச் சாய்க்கிறது, யாரும் படம் எடுத்துப் போடாத தினசரி சாப்பாடு.

அடுத்த முறை எந்தக் கடையிலயும் கேளுங்க, "இதுல உப்பு எவ்வளவு?" பதில் தெரியாம முழிப்பாங்க. பரவாயில்லை. தினம் நூறு பேர் கேட்டா மெனுவில் எழுதித்தான் ஆகணும்.

முப்பது வயசு தாண்டியவங்க இந்த வாரமே ஒரு தடவை பிரஷர் பார்த்துடுங்க. படத்தை ஃபார்வர்ட் பண்ண ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் ஆகும்.