உறவைக் காணப் போனோமா, உறவை உண்ணப் போனோமா?



நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாட்கணக்கில் கடலில் கிடந்து சென்ற சிங்கப்பூருக்கு, இன்று மதுரையிலிருந்தே நான்கு மணி நேரத்தில் போய் இறங்குகிறோம். போய் வந்தவர்களிடம் பயணத்தின் நோக்கம் என்னவென்று கேட்டால், உறவைச் சேர்ந்து வாழ்வது மார்க்கம் வலியுறுத்தும் கடமையல்லவா, அதற்காகத்தான் சென்றோம் என்பர். நாங்களும் அவ்வாறே சொல்லிக்கொண்டு சென்றவர்கள்தாம். அந்தச் சொல்லை எவ்வளவு மலிவாகப் பயன்படுத்தினோம் என்பதை ஊர் திரும்பிய பிறகே உணர்ந்தோம். நம்மில் பலரும் இதையே செய்துகொண்டிருக்கிறோம் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு பரவையிலிருந்து ஆறு பேர் சென்றோம். தங்கியது உறவினர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில்; எட்டு நாள். அந்த எட்டு நாளில் வந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காகக் கொடுத்தவன் எங்கள் அக்காள் மகன். கட்டுமானத் தொழிலில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவன். தொழிலாளர் விடுதியில் தங்குபவன். அந்த அனுமதியில் உள்ளோர் மனைவி மக்களை அழைத்துச் சென்று உடன் வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. துணி துவைப்பதும், வீட்டாருடன் காணொலியில் பேசுவதும், உறங்குவதும் அந்த ஒரு நாளில்தான். அதைத்தான் காலை எட்டு மணிக்கே வந்து எங்கள் கையில் கொடுத்தான். நாங்கள் இரவு பதினொன்று வரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

முதலில் சென்டோசா தீவு. அங்குள்ள கேளிக்கைப் பூங்காவுக்கு ஆறு நுழைவுச் சீட்டும் தனக்கொன்றும் அவனே எடுத்தான். நாங்கள் பையைத் திறப்பது போல் ஒரு கையசைவு செய்தோம். அவன் வேண்டாம் என்றதும் மூடிக்கொண்டோம். அந்தக் கையசைவு நம் எல்லோருக்கும் பழக்கமானதே. பிறகு சீனக் கடைத்தெருவில் பொருள் வாங்கல். பிறகு கடலோரப் பூங்காவில் ஒளிக்காட்சி. அதன் பிறகு, சிங்கப்பூருக்கு வந்து மிளகாய் நண்டு சாப்பிடாமல் போவதா என்று எங்களில் ஒருவர் கேட்க, ஹலால் சான்றிதழ் மாட்டியிருந்த ஓர் உணவகம். உணவுப் பட்டியலில் போட்டிருந்த விலையின் மேல் சேவைக் கட்டணம் பத்து விழுக்காடும், அதன் மேல் அரசின் பொருள் சேவை வரி ஒன்பது விழுக்காடும் ஏறுமென்பது எங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். பணம் கட்டும் இடத்தில் சற்று ஒதுங்கி நின்று யாருக்கோ அலைபேசியில் பேசினான். மேசையில் பாதி உணவு மிஞ்சியிருந்தது. அதையும் படமெடுத்தோம், உண்பதற்கு முன்பு.

இதில் என்ன குற்றம் என்று கேட்போர் உண்டு. அவனே விரும்பி அழைத்தான், அவனே வற்புறுத்தினான், விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளமல்லவா என்பர். இப்ராஹீம் நபி தம்மைத் தேடி வந்தோருக்குக் கொழுத்த கன்றையே பொரித்து வைக்கவில்லையா என்றும் கேட்பர். வைத்தார். தம் வீட்டாரிடம் சென்று கொண்டுவந்து வைத்தார். அண்டை அயலாரிடம் கைமாற்று வாங்கி வைக்கவில்லை. வந்தவர்கள் அதன் பக்கம் கையை நீட்டவுமில்லை. உபசரிப்பவரின் கடமைக்கு நாம் காட்டும் சான்றில், விருந்தினரின் கடமை பற்றிய பாதி காணாமல் போய்விடுகிறது. விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தர்மம், உபசரிப்பவரை இக்கட்டில் தள்ளும் அளவுக்கு ஒருவரிடம் தங்கியிருப்பது விருந்தினருக்கு ஆகுமானதன்று என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முஸ்லிமின் ஓர் அறிவிப்பில், அவரைப் பாவத்தில் தள்ளும் அளவுக்கு என்றே வருகிறது. அது எப்படி என்று தோழர்கள் வினவியதற்குக் கிடைத்த விளக்கம், கொடுக்க ஏதுமில்லாதவரிடம் போய்த் தங்கியிருப்பது என்பதே. நாம் மேடைகளில் கேட்பது இந்த நபிமொழியின் முன்பாதியை மட்டுமே. பின்பாதி விருந்துக்குப் போகிறவனுக்கு உரியது. கூட்டத்தில் பெரும்பாலோர் போகிறவர்களாயிற்றே.

அவனே வற்புறுத்தினான் என்னும் வாதம் இன்னும் பொல்லாதது. இருபத்தாறு வயதுப் பிள்ளை, ஊரிலிருந்து வந்த மாமனைப் பார்த்து, “மாமா, கையில் காசில்லை” என்று சொல்லிவிடுவானா? சொன்னால் அந்தச் சொல் அவனுக்கு முன்பாக ஊர் போய்ச் சேரும். வெளிநாட்டில் இருந்தும் ஒன்றுமில்லையாம் என்று பெண் வீட்டார் காதில் விழும். மறுக்க முடியாத இடத்தில் இருப்பவன் தரும் சம்மதத்தைச் சம்மதமென்று கொள்வது நேர்மையான கணக்கன்று.

அன்றைய நாளில் இன்னொன்றும் நடந்தது. சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

சீனக் கடைத்தெருவில் நாங்கள் நின்ற இடத்திலிருந்து சில அடி தொலைவில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அவன் தயங்கித்தான் கேட்டான்: “பள்ளி இங்கேதான் இருக்கு மாமா, அஸர் தொழுதுட்டு வந்துருவோமா?” பிரயாணத்தில் இருக்கிறோம், எல்லாவற்றையும் சேர்த்து இரவில் தொழுதுகொள்ளலாம் என்றோம். அவன் மட்டும் உள்ளே சென்று பத்து நிமிடத்தில் திரும்பினான். அதற்குள் நாங்கள் சாவிக்கொத்துகளுக்கு விலை பேசிக்கொண்டிருந்தோம்.

எந்த மத்ஹபின்படி அப்படிச் சொன்னோம்? மதுரைப் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனபி. பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்க எண்ணியவர் ஹனபியில் பயணிதான். நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். ஆனால் ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழ ஹனபியில் வழியில்லை. சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபிஈயில் உண்டு. ஆனால் போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் நான்கு நாள் தங்க முடிவு செய்தவர் ஷாஃபிஈயில் பயணியே அல்லர். எட்டு நாள் தங்கப் போன நமக்கு அந்தக் கதவும் அடைபட்டது. எந்த இமாமும் லுஹரையும் அஸரையும் மஃரிபையும் இஷாவையும் மூட்டையாகக் கட்டி, நண்டு தின்ற பிறகு அவிழ்க்கச் சொல்லவில்லை. நண்டும்கூட ஹனபியில் ஆகாது, ஷாஃபிஈயில் ஆகும் என்போர் உண்டு. ஆக, சுருக்குவதற்கு ஹனபி, சேர்ப்பதற்கு ஷாஃபிஈ, நண்டுக்கும் ஷாஃபிஈ என்று ஒரே நாளில் இரண்டு இமாம்களையும் பணியாளர்களைப் போல் ஏவியிருக்கிறோம்.

நேரம் கிடைக்கவில்லை என்பதும் உண்மையன்று. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் அது. ஆண்டு முழுவதும் மஃரிப் ஏழு மணியை ஒட்டியே வரும். ஒளிக்காட்சியோ 7.45க்கு. நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தது நாங்கள்தாம்.

அந்தப் பள்ளிவாசலைக் கடந்து போனதில் இழந்தது தொழுகை மட்டுமன்று. அது 1826இல் தொடங்கப்பட்டது. ராஃபிள்ஸ் அத்தீவில் கால் வைத்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். கட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள். சூலியாக்கள் என்று அங்கே பெயர். நாம் சாவிக்கொத்து வாங்கிய வட்டாரத்தில் மாஸ்க் ஸ்ட்ரீட் என்றொரு தெருவுக்குப் பெயர் வந்ததே அந்தப் பள்ளியால்தான். சிறிது நடந்தால் தெலுக் ஆயர் தெரு. அங்கே 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கிக் குச்சுப் பள்ளி என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா நினைவிடமும் உள்ளன. தர்கா பற்றி நமக்குள் உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே கிளற வேண்டியதில்லை. அது இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. மூன்றையுமே சிங்கப்பூர் அரசு 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்துப் பேணி வருகிறது. தெலுக் ஆயர் அப்போது கடற்கரை; பின்னாளில் கடலைத் தூர்த்ததால் தெரு உள்ளே போய்விட்டது. கப்பலை விட்டு இறங்கிய காலோடு, பிழைத்துவந்த நன்றிக்குச் சிரம் தாழ்த்த அவர்களுக்கு ஓரிடம் வேண்டியிருந்தது. கூலியும் சிறு வணிகமும் செய்தோர் ஓலை வேய்ந்தேனும் அதை எழுப்பினர். பயணத்தில் இருப்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைத்திருந்தால் இன்று அந்தத் தெருவில் நமக்கென்று எதுவும் இருந்திராது.

அந்த மூன்று இடங்களையும் நடந்தே பார்த்திருக்கலாம். பள்ளிவாசலுக்கு நுழைவுச் சீட்டில்லை. அங்காடி உணவகங்களில் ஹலால் கடைகள் இருக்கின்றன. தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்கைக்கூட ஹலாலுக்கென்று தனியே வைத்திருக்கிறார்கள். ஒரு முர்தபாவும் ஒரு தே தாரிக்கும் வாங்கி உட்கார்ந்திருந்தால், அந்தப் பிள்ளையிடம் ஓர் அரை மணி நேரமாவது பேசியிருக்கலாம். விடுதியில் ஓர் அறையில் எத்தனை பேர், சமையல் யார், முகவருக்குக் கட்டிய கடன் எவ்வளவு தீர்ந்தது, வெயிலில் சாரத்தின் மேல் நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேட்டிருக்கலாம். பதினைந்து மணி நேரம் உடனிருந்தும் இவற்றில் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அடுத்து எங்கே, கழிப்பறை எங்கே, இதை எடு, அதைப் பிடி என்பவைதாம். உறவைச் சேர்ந்து வாழ்தல் என்றால் இதுதானா?

வாழ்நாளில் ஒரு முறை போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா என்பது கடைசி வாதம். பார்க்கலாம். மார்க்கம் ஊர் சுற்றுவதைத் தடுக்கவில்லை. பூமியில் சென்று பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் தூண்டவே செய்கிறது. பூங்காவும் ஒளிக்காட்சியும் ஹராமென்று நாம் சொல்லவில்லை. நம் காசில் பார்க்கட்டும் என்கிறோம். விமானச் சீட்டுக்கு எடுத்து வைக்கத் தெரிந்த நமக்கு அங்குள்ள செலவுக்கும் எடுத்து வைக்கத் தெரியாதா? தெரியும். அங்கே ஆள் இருக்கிறது என்ற நினைப்பில்தான் எடுத்து வைப்பதில்லை. அந்த ஆள் நம் பிள்ளை.

ஊர் திரும்பி இரண்டாம் நாள், கோடாலித் தைலமும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குச் சென்றோம். தைலமும் அவன் வாங்கித் தந்ததுதான். அக்காள் முகமலர்ந்து வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளை இளைத்திருக்கிறானா என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றோம். உற்றுப் பார்த்திருந்தால்தானே வேறு சொல்ல. தேநீர் தரும்போது இயல்பாகச் சொன்னார்: இந்த மாதம் அவன் பணம் அனுப்பவில்லை, வேலையில் பிடித்தம் இருக்கிறதாம், சீட்டுக்குக் கட்டுவதற்காக வளையலை வைத்திருக்கிறேன் என்று. எங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. அவன் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். எழுநூறு வெள்ளிக்கு மேல் வந்தது. அவனுடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கும் அதிகம். ஆறு பேரும் பங்கிட்டு அந்தத் தொகையை அவன் பெயரில் அக்காளிடம் சேர்த்தோம், வளையல் மீண்டது. இதை நற்செயலாகச் சொல்லவில்லை. வாங்கியதைக் கொடுத்தோம், அவ்வளவுதான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

அடுத்த மாதம் எங்கள் தெருவிலிருந்து இன்னொரு குடும்பம் சிங்கப்பூர் போகிறது. எட்டுப் பேர். சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று பேசியபோது, அங்கே யார் சுற்றிக் காட்டுவார் என்று கேட்டோம். தம்பி மகன் இருக்கிறான், ஞாயிறு அவனுக்கு லீவுதான் என்றனர். மேற்சொன்னவை அனைத்தையும் அவர்களிடம் சொன்னோம். சிலர் முகம் சுளித்தனர். குடும்பத்தில் மூத்தவர் மட்டும் சற்று நேரம் பேசாமல் நின்று, அந்தப் பிள்ளையின் விடுதிக்கு இங்கிருந்து கருவாடு கொண்டு போக விடுவார்களா என்று கேட்டார்.