நாற்பது லட்சத்துக்கு முன்னால் ஒரு நகராட்சி

போன ஞாயிறு ஆர்.கே.புரம் மலை மந்திரில் தரிசனம் முடித்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "சார், வேர்ல்ட் பேங்க் வேலையெல்லாம் பாக்கறது நீங்கதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடவே பையன். பி.ஆர்க் முடித்தவன். வெளிநாட்டில் நகரத் திட்டமிடல் படிக்க நாற்பது லட்சமாம். துவாரகா ஃப்ளாட்டை அடமானம் வைக்க அப்பா ரெடி. "முடிச்சா ஐ.நா., உலக வங்கின்னு போயிடலாம் இல்லையா?"

தில்லியில் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மாதம் ஒருவராவது இப்படிக் கேட்பார்கள். முன்பெல்லாம் "நல்ல ஃபீல்டு சார், தாராளமா அனுப்புங்க" என்று சிரித்துவிட்டு நழுவிவிடுவேன். அப்படி நான் தலையாட்டி அனுப்பிய ஒரு பெண், படித்து முடித்து, அங்கேயே விண்ணப்பமாகப் போட்டுத் தள்ளி, விசா தீர்ந்து திரும்பி வந்தாள். இப்போது குர்காவ்னில் ஃப்ளாட் விற்கிற கம்பெனியில் வேலை செய்து கடன் கட்டுகிறாள். என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை. தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறாள்!

அதனால் இப்போதெல்லாம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மணிலாவில் ஆசிய வளர்ச்சி வங்கி, நைரோபியில் ஐ.நா. ஹாபிடாட் என்று பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் நிரந்தர வேலை, பென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் கன்சல்டன்ட்தான். உலக வங்கியில் குறுகிய கால கன்சல்டன்டுக்கு ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 150 நாள் வேலை. மிச்ச நாளுக்கு நாமே வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அடியேனும் இந்த ஜாதிதான் (மாமனாருக்கு இன்னும் தெரியாது).

பின்னே நம்மை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? எனக்கு இது டாக்காவில்தான் உறைத்தது. முதல் வெளிநாட்டு வேலை. ஸ்லைடெல்லாம் போட்டு முடித்ததும் அந்த ஊர் இன்ஜினியர் ஒருவர் எழுந்தார். "உங்க ஊர்ல பாதாள சாக்கடை இணைப்புக்கு வீட்டுக்காரங்க பணம் முன்னாடி குடுத்தாங்களா, பின்னாடியா?" என் ஸ்லைடு எதிலும் பதில் இல்லை.

காப்பாற்றியது ஆலந்தூர். சென்னையை ஒட்டி அப்போது தனி நகராட்சி (2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது). 2000-ல் வேலை தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம். குழாய் வருவதற்கு முன்னாலேயே! தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி மக்களை நேரில் பார்த்துப் பேசித்தான் இது நடந்தது. சர்வே எடுக்கப் போன சின்னப் பையன் நான். ரசீதை நீட்டி "குழாய் எப்ப தம்பி வரும்?" என்று கேட்டவர்களிடம் முழித்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அரை மணி நேரம் என்னை உட்காரவே விடவில்லை. அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டதும் அதே குழுதான்.

ஆகவே என் கட்சி இது: முதலில் இரண்டு மூன்று வருஷம் ஏதாவது ஒரு நகராட்சியில், இல்லையென்றால் அதற்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும் கம்பெனியில் வேலை. சம்பளம் கம்மி, ஒத்துக்கொள்கிறேன். 2015-ல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நூறு ஊர்களில் இந்த மாதிரி வேலை கிடைத்தது. அது 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். ஜப்பானும் உலக வங்கியும் சேர்ந்து தருவதற்கு மூன்று. அது கிடைத்தால் ஃப்ளாட் தப்பிக்கும்.

இன்னொன்று. தில்லியில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தியும் வரும், தமிழும் வரும். காஜியாபாத் கவுன்சிலரிடமும் பேசலாம், கும்பகோணத்து கவுன்சிலரிடமும் பேசலாம். இந்த வசதி சென்னைப் பையனுக்குக் கிடையாது. நாம்தான் அதை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை.

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நீங்க ஊர் ஊரா பறக்கறீங்க, என் பையன் சாக்கடை பாக்கணுமா சார்?" நியாயமான கேள்விதான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பையனே போன் செய்தான். காஜியாபாத் பக்கம் குடிநீர்க் குழாய் சர்வேக்கு ஆள் எடுக்கிறார்களாம். "அங்கிள், அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்கிறான். வரும் ஞாயிறு மறுபடியும் மலை மந்திர்.