இலவசப் பரிசோதனைக்கும் ஒரு விலை உண்டு

அம்பத்தூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் சில மாதங்களுக்கு முன்பு நடத்திய மகளிர் மருத்துவ முகாமில் நானும் உதவியாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை. கட்டணம் கிடையாது, பரிசோதித்தவர்களும் பெண்களே. வந்தவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள். அடுத்த தெருவில் வசிக்கும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களில் ஒருவர்கூட வரவில்லை.

மாலையில் வேலை முடிந்து திரும்பிய ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டேன். நாற்பது வயதைக் கடந்தவர். "ஒரு நாள் லீவு போட்டா அந்த நாள் சம்பளம் மட்டும் போகாது சார், அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போயிடும்" என்றார். முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். முகாமின் நேரத்தை முடிவுசெய்த கூட்டத்தில் அமர்ந்திருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 5.6 சதவீதத்தினர். தேசிய சராசரி 0.9 சதவீதம். ஒப்பீட்டில் நாம் முன்னணியில் இருக்கிறோம். ஆனாலும், நூற்றுக்கு 94 பெண்கள் ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படவில்லை என்பதே இதன் பொருள். அடையாறு புற்றுநோய் நிறுவனம் பராமரிக்கும் சென்னைப் பதிவேட்டில் 1980-களில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது.

பரிசோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டும் என்பதில்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1.5 லட்சம் பெண்கள் இரு பிரிவுகளாகப் பங்கேற்றனர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தனர். 2021-இல் வெளியான முடிவுகளின்படி, அந்தப் பிரிவில் நோய் முன்கூட்டியே கண்டறியப்பட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் அத்தகைய பலன் நிரூபணமாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரசின் தரப்பில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை என்பது 2016-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை. தமிழ்நாட்டில் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் புற்றுநோய் கண்டறியும் சிறப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இருந்தும் பெண்கள் வராதபோது, 'விழிப்புணர்வு போதாது' என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம்.

கூச்சமும் அச்சமும் உண்மையே. ஆனால், அம்பத்தூர், ஆவடி, திருமழிசை போன்ற தொழில் பகுதிகளில் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு முதல் தடை, இழக்கும் கூலி. பரிசோதனையில் ஐயம் எழுந்தால் மேமோகிராம், திசுப் பரிசோதனை, முடிவைப் பெறுதல் என்று கீழ்ப்பாக்கத்துக்கோ ராயப்பேட்டைக்கோ பலமுறை செல்ல நேரும். சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை. நாள் கூலிக்கு ஈடு யார் தருவது? நோயுற்ற பின் சிகிச்சைக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தால், மருத்துவர் சான்றளித்த நாள்களுக்குக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால், நலமாக இருக்கும்போதே சோதித்துக்கொள்ள விரும்பும் பெண் தன் ஊதியத்தை இழந்துதான் வர வேண்டியிருக்கிறது. நோய் முற்றிய பிறகு பெரும் தொகையைச் செலவிட முன்வரும் நாம், அதைத் தவிர்க்க உதவும் அரை நாள் கூலியைக் கணக்கில் கொள்வதில்லை.

எனவே, மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவது, பரிசோதனை பணி நேரத்திலேயே, ஆலை வளாகத்திலேயே, ஊதியப் பிடித்தமின்றி நடைபெற வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட பிரிவுத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை அளிப்பதை நிறுவனங்களின் கடமையாக்கியுள்ளது. அதில் மார்பகப் பரிசோதனையும் இடம்பெற வேண்டும். ஒரு பெண்ணுக்குச் சில நிமிடங்களே ஆகும். அனுபவமுள்ள தையல் தொழிலாளி ஒருவரை நோய்க்கு இழப்பதோடு ஒப்பிட்டால், நிறுவனத்துக்கும் இது இழப்பல்ல.

இரண்டாவது, வீட்டுவேலை செய்வோரும் சிறு பட்டறைப் பெண்களும் எந்த ஆலையின் கணக்கிலும் வராதவர்கள். அவர்களுக்காக நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெண் செவிலியர் இருக்க வேண்டும். மூன்றாவது, மேல் பரிசோதனைக்கு அனுப்பப்படும் பெண்ணுக்கு அந்த நாள்களின் கூலியை ஈடுசெய்ய வேண்டும். அத்தகையோர் எண்ணிக்கை குறைவு என்பதால், அரசுக்குப் பெரும் சுமை ஏற்படாது.

எங்கள் சங்கத்தின் அடுத்த முகாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடைபெறும். அரசும் தன் அறிக்கைகளில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதோடு, அவர்களில் வேலைக்குச் செல்லும் பெண்கள் எத்தனை பேர், மேல் பரிசோதனையை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் வெளியிட வேண்டும்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் - ஓய்வு)