விசாவுக்கு விலை உண்டா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்துருத்தியிலிருந்து ஒரு தாய் நம் சங்கத்துக்கு வந்தார். மூத்த மகன் துபாய்க்குப் போகிறானாம். தோடும் சங்கிலியும் அடகுக்குப் போய்விட்டன. போதாததற்கு வட்டிக்கும் வாங்கியாயிற்று. 1,40,000 ரூபாயை ஓர் ஆளின் கையில் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். ரசீது எங்கே என்று கேட்டோம். "விசாவுக்கு யாரண்ணே ரசீது குடுப்பாங்க?" என்றார்.

இந்தக் கேள்விதான் நெஞ்சைச் சுடுகிறது. ரயில்வே கவுண்டரில் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் இதை எழுதுகிறேன். ஈரோட்டுக்குச் சீட்டு எடுப்பவர், சில்லறையில் பத்து ரூபாய் குறைந்தால் என்னைச் சும்மா விடமாட்டார். அது அவர் உரிமை. சீட்டில் கட்டணம் அச்சிட்டிருக்கிறது. அதே மனிதர் லட்சத்துக்கு மேல் நீட்டும்போது துண்டுக் காகிதம்கூடக் கேட்பதில்லை. ஏன்? விசாவுக்கு எவ்வளவு, அதை யார் கட்ட வேண்டும் என்று நம் மக்களுக்கு எவரும் சொன்னதில்லை.

நாம் சொல்கிறோம். வளைகுடாவில் வேலை விசாவின் செலவு முதலாளியுடையது. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, ஆளை வரவழைக்கும் செலவையும் தங்கும் அனுமதி, வேலை அனுமதிக் கட்டணங்களையும் முதலாளி தலையில் வைக்கிறது. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், ஆள் எடுக்கும் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது என்கிறது. கத்தார் விசா மையம் நம் கொச்சியிலேயே இருக்கிறது. அங்கே கைரேகைக்கும் மருத்துவச் சோதனைக்கும் பணம் கட்டுபவர் அந்த நாட்டு முதலாளி.

அப்படியானால் நாம் கட்ட வேண்டியது என்ன? சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதோடு 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் எடுக்க வேண்டும். அதன் பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சக் கூலி 30,000 ரூபாய்; 18 சதவீத வரி சேர்த்து 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். பதிவு பெறாதவன் ஆள் எடுப்பதே 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம்.

"ஃப்ரீ விசா" என்று ஒன்று விற்கிறார்களே, அதில் ஃப்ரீயாக இருப்பது பெயர் மட்டும்தான். ஒருவர் பெயரில் விசா, வேறொருவரிடம் வேலை. பிடிபட்டால் சிறைக்குப் போவது நம் பிள்ளை. விசிட் விசாவில் அனுப்புவது இன்னொரு தந்திரம். குடிபெயர்வு அனுமதி வேண்டாம், சீக்கிரம் போகலாம் என்பார்கள். அனுமதி இல்லையென்றால் அந்த ஒப்பந்தமும் காப்பீடும் இல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள்.

படித்தவர்களும் தப்பவில்லை. குவைத்துக்குப் போகும் நர்சுகளிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் வாங்கினார்கள் என்று 2015-இல் இதே கொச்சியில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதே ஆண்டில் நர்சுகளை அனுப்பும் வேலையை அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் அந்தப் பாதுகாப்பு ஏன் இல்லை? கூடுதலாகப் பணம் பிடிப்பவனுக்குச் சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதமோ 2,000 ரூபாய் வரைதான்! லட்சக்கணக்கில் சுருட்டுபவனுக்கு இது பீடிச் செலவு.

நம்மவர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நோர்க்கா கேரளத்தாருக்கு, தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில். ரேஷன் அட்டை அங்கே, அடுப்பு இங்கே என்று வாழும் நாம் எந்தக் கதவைத் தட்டுவது? கொச்சியிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் தமிழில் மனு வாங்கவும் விளக்கம் சொல்லவும் ஆள் வைக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசின் அந்த நிறுவனம் மாதம் ஒருமுறையாவது இங்கே ஆள் அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம்.

அந்தத் தாயின் மகன் பாஸ்போர்ட் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது. மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுபோல் பணம் கொடுத்தவர்கள் எந்தத் தேதி, எந்த இடம், உடன் இருந்தவர் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள். இனிமேல் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வந்தால் அரசின் இ-மைக்ரேட் பட்டியலில் அங்கேயே பார்த்துச் சொல்கிறோம்.